நாட்டின் உழைப்பாளர் தொகையையும் நலத்திட்டச் செலவையும் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இன்னும் 30 ஆண்டு கழித்து ஒரு நாட்டில் எத்தனை பேர் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்? எத்தனை பேர் ஓய்வூதியம் வாங்குவார்கள்? அந்தப் பணம் யாரிடமிருந்து வரும்? பல அரசாங்கங்கள் இந்தக் கணக்கைப் பல பத்தாண்டுகளாகக் கணினியில் போட்டு வருகின்றன. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிதியத்தின் அறங்காவலர்கள் ஆண்டுதோறும் அடுத்த 75 ஆண்டுக்கான கணிப்பை வெளியிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மக்கள்தொகை மூப்படைவதால் ஏறும் செலவைக் கணித்துச் சொல்கிறது. இதே வேலையைச் சின்ன அளவில் நீங்களும் செய்து பழகலாம். பள்ளிக் கணக்கில் வரும் நிகழ்தகவு, எக்செல், ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழியில் ஓரளவு பழக்கம், இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம்.

இப்படிக் கணினியில் போடும் கணக்கை மாடல் என்பார்கள். நடக்கப்போவதை அது சொல்லாது. பிறப்பு இப்படி, இறப்பு இப்படி, விதிகள் இப்படி என்று வைத்துக்கொண்டால் விளைவு என்ன என்பதை மட்டுமே சொல்லும். அந்த ‘வைத்துக்கொண்டால்’ பகுதிக்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பங்கு போக வேண்டும். புதிதாக வருபவர்களில் பலர் எந்த மென்பொருள் நல்லது என்று தேடுவதிலேயே மாதக்கணக்கைக் கழித்துவிட்டு, அனுமானங்களை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வியைக் குறுக்குங்கள்

‘நலத்திட்டங்கள் தாக்குப்பிடிக்குமா?’ என்ற கேள்வியோடு உட்கார்ந்தால் மாடல் ஒருநாளும் முடியாது. இப்படிக் கேளுங்கள்: ஓய்வு பெறும் வயதை 60-லிருந்து 63-க்கு உயர்த்தினால், 2050 வரை ஒவ்வோர் ஆண்டும் சந்தா வரவு (வேலை பார்ப்பவர்கள் ஓய்வூதியத் திட்டத்துக்குக் கட்டும் தொகை) எவ்வளவு கூடும்? அந்த மூன்று வயதுக்குள் வேலையும் இல்லாமல் ஓய்வூதியமும் இல்லாமல் நிற்பவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியின் முதல் பாதிக்கு ஓர் எக்செல் கோப்பு போதும். மொத்தத் தொகைதானே வேண்டும். இரண்டாம் பாதி அப்படியில்லை. அங்கே யார் யார் என்று தெரிந்தாக வேண்டும். மொத்தத்தைக் கேட்கிறோமா, ஆட்களைக் கேட்கிறோமா என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

முதல் மாடல் எக்செலிலேயே இருக்கட்டும்

எவ்வளவு பெரிய சிமுலேஷன் செய்வதாக இருந்தாலும், வயதுக் குழுக்களை வைத்து ஓர் எளிய அட்டவணையை முதலில் போட்டுவிடுங்கள். பின்னால் பெரிய மாடல் விநோதமான எண்ணைத் துப்பும்போது, ஒப்பிட்டுப் பார்க்க இந்த அட்டவணைதான் கைகொடுக்கும்.

முறை இதுதான். ஆண், பெண் எனத் தனித்தனியாக, ஐந்தாண்டு வயதுக் குழுக்களாக இன்றைய மக்கள்தொகையை எழுதுங்கள். ஒவ்வொரு குழுவையும் ‘அடுத்த ஐந்தாண்டு உயிரோடு இருக்கும் விகிதத்தால்’ பெருக்கி, அடுத்த வயதுக் குழுவுக்கு நகர்த்துங்கள். 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களின் எண்ணிக்கையை வயதுவாரிக் கருவள விகிதத்தால் (அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு ஓர் ஆண்டில் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) பெருக்கி, அதை ஐந்தாலும் பெருக்கினால் ஐந்தாண்டுக்கான புதிய பிறப்புகள் வரும். 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் என்று பிரித்துக்கொள்ளலாம். கடைசியில் குடிபெயர்ந்து வருவோரைக் கூட்டி, போவோரைக் கழியுங்கள். இந்த நான்கும் முடிந்தால் ஐந்து ஆண்டு நகர்ந்துவிட்டது. அதையே திரும்பத் திரும்பச் செய்தால் 2060 வரை போகலாம்.

தரவுக்கு ஐக்கிய நாடுகள் சபையின் மக்கள்தொகைப் பிரிவு உதவும். அதன் உலக மக்கள்தொகைக் கணிப்பின் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில் 237 நாடுகள் மற்றும் பகுதிகளுக்கு 1950 முதல் 2100 வரையிலான எண்கள் வயதுவாரியாகக் கிடைக்கின்றன. உங்கள் அட்டவணையின் விடையை அவர்களுடைய நடுத்தரக் கணிப்போடு ஒப்பிடுங்கள். கணிசமாக விலகினால், பெரும்பாலும் குடிபெயர்வு பற்றிய அனுமானத்தில்தான் வித்தியாசம் இருக்கும். குடிபெயர்வுதான் இந்தக் கணக்கில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. அதனால் குடிபெயர்வே இல்லை என்று வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. மீதி மாற்றங்களின் அளவு தெளிவாகத் தெரியும்.

கருவள விகிதத்திலும் கவனம் தேவை. தென் கொரியாவில் 2023-ல் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகள்) 0.72-க்கு இறங்கியது. இவ்வளவு கீழே போகும் என்று பழைய கணிப்புகள் எதிர்பார்க்கவில்லை. சீக்கிரமே திரும்ப ஏறிவிடும் என்றே வைத்திருந்தன. ஆனால் ஒரு நல்ல விஷயம்: இன்று பிறக்காத குழந்தை உழைப்பாளர் கணக்கில் குறைவது ஏறத்தாழ 20 ஆண்டு கழித்துத்தான். ஆகவே 20 ஆண்டுக்குள்ளான உழைப்பாளர் கணிப்புக்குப் பிறப்பு அனுமானம் அவ்வளவாகப் பாதகம் செய்யாது. அந்தக் காலத்தில் வேலைக்கு வரப்போகிறவர்கள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள்.

வேலைக்கு வருபவர்கள் யார்?

மக்கள்தொகையை உழைப்பாளர் தொகையாக மாற்றுவதற்கு உழைப்பாளர் பங்கேற்பு விகிதம், அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள் என்பது, தேவை. வேலையில் இருப்பவர், வேலை தேடுபவர் இருவரும் இதில் சேர்த்தி. இங்கேதான் புதியவர்கள் சறுக்குவது வழக்கம். இன்றைய வயதுவாரி விகிதத்தை அப்படியே 2050-க்கும் போட்டுவிடுவார்கள்.

அது ஏன் தப்பு என்று எண்களை வைத்தே பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஒரு நாட்டில் 50–54 வயதில் 10,00,000 பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் 45 சதவீதம் பேர் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். 55–59 வயதில் இன்றைய விகிதம் 30 சதவீதம். ஐந்தாண்டில் உயிர் பிழைக்கும் விகிதம் 0.97. எனவே ஐந்து ஆண்டு கழித்து 55–59 வயதில் 9,70,000 பேர் இருப்பார்கள். இன்றைய 30 சதவீதத்தை அவர்கள்மேல் போட்டால் 2,91,000 உழைப்பாளர்கள்.

ஆனால் இன்று 55–59-ல் இருப்பவர்கள் வேறு தலைமுறை. ஐந்து ஆண்டுக்கு முன்பு, 50–54 வயதில் இருந்தபோது, அவர்களில் 40 சதவீதம் பேர்தான் வேலைச் சந்தையில் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 30-க்கு இறங்கியது. அதாவது நான்கில் மூன்று பங்கு பேர் தொடர்ந்தார்கள். அதே ‘தொடரும் விகிதத்தை’, 0.75-ஐ, அடுத்து வருபவர்களின் 45 சதவீதத்தில் போட்டால் 33.75 சதவீதம் வருகிறது. உழைப்பாளர்கள் 3,27,375. ஒரே ஒரு வயதுக் குழுவில், ஐந்தே ஆண்டில், 36,375 பேர் வித்தியாசம்! எல்லா வயதுக் குழுக்களுக்கும், முப்பது ஆண்டுக்கும் இது சேர்ந்துகொண்டே போகும். அதிகம் படித்த, குறைவாகப் பிள்ளை பெற்ற தலைமுறை மேலே ஏறி வரும் நாடுகளில், வயதை மட்டும் பார்க்கும் மாடல் பெண்களின் உழைப்பைத் தொடர்ந்து குறைத்தே காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கணிப்புகளும் இப்படித் தலைமுறையைப் பின்தொடரும் முறையில்தான் போடப்படுகின்றன.

இன்னொரு பொறி, வரையறை. 2013-ல் உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு வேலை என்பதற்கான வரையறையை மாற்றியது. முக்கியமாகத் தன் வீட்டுத் தேவைக்காகவே விவசாயம் செய்பவர், அந்த உழைப்பின் அடிப்படையில் வேலையில் இருப்பவராக எண்ணப்படுவதில்லை. புதிய வரையறைக்கு மாறிய ஆண்டில் ஒரு நாட்டின் விகிதம் சட்டென இறங்கியிருந்தால், யாரும் வேலையை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அந்தப் பள்ளத்தின் வழியே போக்குக் கோடு வரைந்தால் மொத்தக் கணிப்பும் சாய்ந்துவிடும். கொரோனா பாதித்த 2020, 2021 ஆண்டுகளுக்கும் இதே எச்சரிக்கை.

ஒரு வரிச் சமன்பாடு

இன்று உழைப்பவர்களின் சந்தாவை வாங்கி இன்றைய முதியவர்களுக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு ஒரு சமன்பாடு உண்டு. தேவைப்படும் சந்தா விகிதம் என்பது, சராசரிச் சம்பளத்தில் ஓய்வூதியம் எத்தனை சதவீதமோ அதை, ஓய்வூதியர் எண்ணிக்கையை உழைப்பாளர் எண்ணிக்கையால் வகுத்து வருவதோடு பெருக்கினால் கிடைப்பது. ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் பாதி, ஓர் ஓய்வூதியருக்கு நான்கு உழைப்பாளர் என்றால் 12.5 சதவீதம் சந்தா போதும். நான்கு பேர் இரண்டு பேராகக் குறைந்தால் 25 சதவீதம். இந்தச் சமன்பாட்டை உங்கள் எக்செலின் கடைசி வரியாகப் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே பதில் சொல்லிவிடும்.

சராசரி எங்கே ஏமாற்றுகிறது?

அப்புறம் ஏன் இன்னும் சிக்கலான மாடல்? ஓய்வூதியம் சராசரிக்குக் கொடுக்கப்படுவதில்லை, ஆளுக்குக் கொடுக்கப்படுகிறது. குறைந்தது 15 ஆண்டு சந்தா கட்டியிருந்தால்தான் ஓய்வூதியம் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மக்களின் சராசரி 20 ஆண்டு. சராசரியை வைத்துப் போட்டால் எல்லாருக்கும் ஓய்வூதியம் உண்டு. ஆனால் பாதிப் பேர் 30 ஆண்டு, மீதிப் பேர் 10 ஆண்டு கட்டியிருந்தாலும் சராசரி அதே 20-தான். பாதிப் பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். பிள்ளை வளர்க்க வேலையை விட்டவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள், கூலி வேலைக்கும் முறையான வேலைக்கும் இடையே அலைந்தவர்கள் எல்லாம் அந்தப் பாதியில்தான் இருப்பார்கள். நலத்திட்டம் யாருக்காக இருக்கிறதோ அவர்களே கணக்கில் மறைந்துபோனால் மாடல் எதற்கு?

இதற்காகத்தான் மைக்ரோசிமுலேஷன். பொருளாதார அறிஞர் கை ஆர்கட் 1957-ல் இந்த யோசனையை முன்வைத்தார்: மொத்தங்களை நகர்த்துவதை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான தனி மனிதர்களையும் குடும்பங்களையும் கணினியில் வைத்து, ஒவ்வொருவருக்கும் வாழ்க்கை நிகழ்வுகளை நிகழ்தகவோடு நடத்திப் பாருங்கள், மொத்தம் தானாக வரும். 1970-களில் அமெரிக்காவில் டைனசிம் என்ற மாடல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நார்வேயின் மோசார்ட், பிரான்சின் டெஸ்டினி, சுவீடனின் செசிம் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

அடிப்படைக் கோப்பு

தொடங்குவதற்கு ஓர் ஆண்டின் மக்களைக் காட்டும் கோப்பு வேண்டும். ஒரு வரிக்கு ஓர் ஆள். வயது, பாலினம், படிப்பு, குடும்ப எண், துணையின் எண், வேலை நிலை, சம்பளம், இதுவரை சந்தா கட்டிய ஆண்டுகள். குடும்பக் கணக்கெடுப்புகளின் பெயர் நீக்கிய தரவைப் புள்ளியியல் துறைகள் ஆய்வாளர்களுக்குக் கொடுப்பதுண்டு. கையெழுத்திட்ட நிபந்தனைகளை வரிக்கு வரி படியுங்கள். ஓரிரு ஆட்கள் மட்டுமே இருக்கும் கட்டங்களை அட்டவணையாக வெளியிட்டால், பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும்.

கணக்கெடுப்பில் பெரும்பாலும் இல்லாதது சந்தா வரலாறு. 48 வயதுக்காரர் இதுவரை எத்தனை ஆண்டு கட்டியிருக்கிறார் என்பது தெரியாமல் அவருடைய ஓய்வூதியத்தைக் கணக்கிட முடியாது. ஓய்வூதிய நிதியத்தின் பதிவேடுகள் கிடைத்தால் அவைதான் தங்கம். கிடைக்காவிட்டால், வயது, படிப்பு, பாலினம், தொழில் ஒத்துப்போகும் ஆட்களின் வரலாற்றை வேறொரு தரவிலிருந்து எடுத்துப் பொருத்துவார்கள். அப்படிச் செய்ததை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

ஓர் ஆளின் ஓர் ஆண்டு

மாடலின் இதயம் இதுதான். ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு கையாலேயே ஓட்டிப் பாருங்கள். 34 வயதுப் பெண், பள்ளிப் படிப்பு முடித்தவர், திருமணமானவர், இரண்டு வயதுக் குழந்தை, போன ஆண்டு வேலையில் இல்லை.

ஆண்டு தொடங்குகிறது. வயது 35 ஆகிறது. முதலில் இறப்பு: அந்த வயதுக்கு நிகழ்தகவு 0.001 என்று அட்டவணை சொல்கிறது. கணினி 0-வுக்கும் 1-க்கும் இடையே ஒரு ரேண்டம் எண்ணை எடுக்கிறது, 0.418 வருகிறது. 0.001-ஐவிடப் பெரியது, எனவே உயிரோடு இருக்கிறார். அடுத்து பிறப்பு: நிகழ்தகவு 0.06, எடுத்த எண் 0.733, பிறப்பு இல்லை. அடுத்து வேலை. அவருடைய வயது, படிப்பு, சின்னக் குழந்தை, போன ஆண்டு வேலையின்மை எல்லாவற்றையும் லாஜிட் சமன்பாட்டில் (பல விவரங்களை 0-வுக்கும் 1-க்கும் இடைப்பட்ட நிகழ்தகவாக மாற்றும் சூத்திரம்) போட்டால் வேலைக்குத் திரும்பும் நிகழ்தகவு 0.17 என்று வருகிறது. எடுத்த எண் 0.092. சின்னது. வேலைக்குப் போகிறார்! உடனே சம்பளச் சமன்பாடு ஒரு தொகையைக் கொடுக்கிறது, அவருடைய சந்தா ஆண்டுகளில் ஒன்று கூடுகிறது, குடும்ப வருமானம் உயர்ந்ததால் வாங்கிக்கொண்டிருந்த உதவித்தொகைக்கான தகுதி மறுபடியும் சோதிக்கப்படுகிறது. ஆண்டு முடிந்தது. அடுத்த ஆள்.

நிகழ்வுகளின் வரிசை முக்கியம். வரிசை தப்பினால் மாடல் இறந்தவருக்கும் சம்பளம் போட்டுவிடும். இறப்பு, பிறப்பு, படிப்பு, திருமணம், பிரிவு, வேலை, சம்பளம், சந்தா, ஓய்வு, உதவித்தொகை என்ற வரிசை பெரும்பாலும் சரியாக வரும். முதல் நாளே எல்லாவற்றையும் எழுதாதீர்கள். இறப்பை மட்டும் எழுதி ஓட்டுங்கள். உங்கள் எக்செல் அட்டவணையோடு ஒத்துவந்தால் பிறப்பைச் சேருங்கள். அப்புறம் வேலை. ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கோளாறு எங்கே என்று தேட வேண்டியதில்லை.

மாடலுக்கு ஞாபகம் வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் மனதில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் 70 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள். நீங்களும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் ஆண்டும் 0.7 என்ற நிகழ்தகவைக் கொடுத்து, போன ஆண்டை மறந்துவிட்டுப் புதிதாக எண் எடுக்கிறீர்கள். ஆண்டுவாரி மொத்தம் அழகாக 70 சதவீதமே வரும். எல்லாம் சரி என்று தோன்றும். 40 ஆண்டு கழித்து ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சராசரி 28, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) ஏறத்தாழ 2.9. கிட்டத்தட்ட எல்லாரும் 22-க்கும் 34-க்கும் இடையே வந்துவிடுவார்கள். 15 ஆண்டுகூட நிறைவு செய்யாதவர்கள் பத்து லட்சம் பேரில் ஐந்து பேர் இருந்தால் அதிகம். ஓய்வூதியம் இல்லாத முதியவர் என்று ஒருவரே இருக்க மாட்டார்!

நிஜத்தில் அப்படியில்லை. வேலையில் இருப்பவர் அடுத்த ஆண்டும் வேலையில் இருப்பார்; வெளியே இருப்பவர் வெளியேயே இருப்பார். அதனால் ‘இவர் வேலையில் இருக்கிறாரா’ என்று கேட்காமல், ‘வேலையில் இருந்தவர் தொடர்கிறாரா’, ‘வெளியே இருந்தவர் திரும்புகிறாரா’ என்று இரண்டு தனிச் சமன்பாடுகள் எழுத வேண்டும். எத்தனை ஆண்டாக வெளியே இருக்கிறார் என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. இதற்கு ஒரே ஆட்களை ஆண்டுக்காண்டு பின்தொடரும் கணக்கெடுப்புத் தரவு தேவை. ஓராண்டுக் கணக்கெடுப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் போதாது.

சம்பளமும் இதே கதைதான். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் குலுக்கினால், ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, வாழ்நாள் வருமானத்தில் ஏழை பணக்காரர் வித்தியாசமே காணாமல் போகும். எனவே ஒவ்வோர் ஆளுக்கும் ஆயுள் முழுக்கக் கூடவே வரும் ஒரு நிலையான பகுதியையும், ஆண்டுக்கு ஆண்டு மாறும் சின்னப் பகுதியையும் பிரித்து வையுங்கள்.

மொத்தத்தை ஒத்துவரச் செய்தல்

தனி ஆட்களைக் கூட்டி வரும் மொத்தம், அதிகாரப்பூர்வ மக்கள்தொகைக் கணிப்போடு சற்று விலகும். அதை இழுத்துப் பொருத்துவதை அலைன்மென்ட் என்பார்கள். 1,000 பிறப்பு வேண்டும் என்றால், நிகழ்தகவு அதிகமுள்ள 1,000 பேரைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் எப்போதும் ஒரே வகை ஆட்களுக்கே நிகழ்வு நடக்கும். நிகழ்தகவோடு ரேண்டம் எண்ணையும் கலந்து வரிசைப்படுத்தித்தான் எடுக்க வேண்டும். அலைன்மென்ட் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்றும் பாருங்கள். அதிகமாக இழுக்க வேண்டியிருந்தால் உங்கள் சமன்பாட்டில்தான் கோளாறு.

நலத்திட்ட விதிகளை எழுதும்போது

சட்டத்தை நிரலாக மாற்றுவது பொறுமை கேட்கும் வேலை. வயது, சந்தா ஆண்டுகள், குடும்ப வருமான வரம்பு, துணை இறந்தால் கிடைக்கும் பங்கு என எல்லாவற்றையும் சட்டத்தில் உள்ளபடி எழுதுங்கள். ஓய்வு வயது, வருமான வரம்பு போன்ற எண்களை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில், எந்த ஆண்டு முதல் அமல் என்ற விவரத்தோடு வையுங்கள்.

நீண்டகாலக் கணிப்பில் எல்லாவற்றையும்விடப் பெரிய பாதிப்பைத் தருவது, தொகைகள் ஆண்டுதோறும் எதோடு சேர்ந்து ஏறுகின்றன என்பதுதான். ஓய்வூதியம் விலைவாசியோடு மட்டும் ஏறுகிறது, சம்பளம் விலைவாசிக்கு மேலே ஆண்டுக்கு 1.5 சதவீதம் ஏறுகிறது என்றால், 20 ஆண்டில் சம்பளத்தோடு ஒப்பிடும்போது அந்த ஓய்வூதியத்தின் மதிப்பு 74 சதவீதத்துக்கு இறங்கிவிடும். யாரும் வெட்டவில்லை, விதி மாறவில்லை. ஆனால் 80 வயதுக்காரர் 60 வயதுக்காரரைவிட ஏழையாகிவிட்டார். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஏழைகளுக்கான உதவித்தொகையின் வருமான வரம்பை 30 ஆண்டுக்கு அப்படியே விட்டுவிட்டால், ஆண்டுக்கு 4 சதவீத விலைவாசி உயர்வில் அந்த வரம்பின் மதிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். மாடலில் 2055-ல் ஏழைகளே இல்லாமல் போவார்கள். ‘திட்டத்தின் செலவு தானாகக் குறைகிறது’ என்று யாராவது காட்டினால், முதலில் இந்த வரம்பைத்தான் சோதியுங்கள்.

தகுதி உள்ள எல்லாருக்கும் பணம் போய்ச் சேர்வதாக எழுதாதீர்கள். விண்ணப்பிக்கத் தெரியாதவர், ஆவணம் இல்லாதவர், கூச்சப்பட்டு விட்டுவிடுபவர் என எல்லா நாட்டிலும் உண்டு. சட்டப்படி தகுதி ஒரு நெடுவரிசையில், உண்மையில் பெறுவது அடுத்த நெடுவரிசையில் என்று பிரித்து வைத்தால், விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் மாடலின் ஒரு விடையாகக் கிடைக்கும்.

சில நாடுகளில் விதியே தன்னைத் திருத்திக்கொள்ளும். சுவீடனின் ஓய்வூதியத் திட்டத்தில், கொடுக்க வேண்டிய கடமை சொத்தைவிட அதிகமானால் ஓய்வூதிய உயர்வு தானாகக் குறையும். 2010-ல் முதல்முறையாக அது அமலுக்கு வந்தது. அப்படிப்பட்ட நாட்டை மாடல் செய்தால், ஆண்டு முடிவில் மொத்தத்தைக் கணக்கிட்டு, அதை அடுத்த ஆண்டு தனி ஆட்களின் தொகைக்குத் திருப்பி அனுப்பும் படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

பின்னோக்கி ஓட்டிச் சோதியுங்கள்

மாடலை 2005-ஆம் ஆண்டு தரவில் தொடங்கி 2015 வரை ஓட்டுங்கள். 2015-ல் உண்மையில் நடந்தது நமக்குத் தெரியுமே! மொத்த உழைப்பாளர் ஒத்துவந்ததா என்பதோடு நிறுத்தாதீர்கள். 55 வயதுப் பெண்களில் 10 ஆண்டுக்கும் குறைவாகச் சந்தா கட்டியவர்கள் எத்தனை சதவீதம், வேலையிழந்தவர்கள் எத்தனை மாதத்தில் திரும்பினார்கள், ஏழ்மையில் தொடர்ந்து மூன்று ஆண்டு இருந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாகவும் உள்ளே எல்லாம் தப்பாகவும் இருப்பது சாத்தியம் என்பதை மேலே பார்த்தோம்.

ஓட்டும்போது

50,000 பேர் கொண்ட மாதிரியில், 0.002 நிகழ்தகவு உள்ள ஒரு நிகழ்வு சராசரியாக 100 பேருக்கு நடக்கும். ஆனால் குலுக்கலாலேயே அது பத்து கூடும், பத்து குறையும். அதனால் ஒருமுறை ஓட்டி விடையை எழுதிவிடக் கூடாது. தொடக்க எண்ணை (கணினி ரேண்டம் எண்களை உருவாக்கத் தொடங்கும் எண்) மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி, சராசரியையும் வீச்சையும் எடுங்கள்.

கொள்கை மாற்றத்தை ஒப்பிடும்போது மட்டும் வேறு உத்தி. மாற்றத்துக்கு முன், பின் என இரண்டு ஓட்டத்திலும் ஒவ்வோர் ஆளுக்கும், ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதே ரேண்டம் எண்களையே கொடுங்கள். அப்போது வரும் வித்தியாசம் முழுக்க விதி மாற்றத்தால் வந்தது என்று சொல்ல முடியும். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் இந்த ஓட்டத்தில் இறந்து அந்த ஓட்டத்தில் பிழைத்ததையெல்லாம் கொள்கையின் விளைவு என்று எண்ணிவிடுவோம். அனுமானங்களையும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்ற வேண்டும்.

ஓய்வு வயதை உயர்த்தினால் எல்லாரும் மூன்று ஆண்டு கூடுதலாக வேலை பார்ப்பார்கள் என்று எழுதிவிடுவது சுலபம். உடல் உழைப்பில் தேய்ந்தவர்களில் பலர் மாற்றுத்திறன் உதவித்தொகைக்கோ வேலையின்மைக்கோதான் போவார்கள். உடல்நிலையையும் தொழிலையும் வைத்துக் குறைந்தபட்சம் இரண்டு மாற்றுக் காட்சிகளாவது ஓட்டுங்கள்.

எந்தக் கருவி?

முதல் மாடலை ஆர் அல்லது பைத்தானில் நீங்களே எழுதுவது நல்லது; சில நூறு வரிகளில் முடியும். பழகியபின் தயார் கருவிகளுக்குப் போகலாம். பெல்ஜியத்தின் கூட்டாட்சித் திட்டக் குழு உருவாக்கிய லியாம்2 பைத்தானில் இயங்குவது, இலவசம். கனடாவின் புள்ளியியல் துறை உருவாக்கிய மாட்ஜென் நீண்டகாலம் புழக்கத்தில் இருந்தது. அதே பாணியில் திறந்த மூலமாக ஓப்பன்எம்++ இருக்கிறது. இன்றைய வரி, உதவித்தொகை விதிகளை மட்டும் சோதிக்க ஐரோப்பிய நாடுகளுக்கு யூரோமாட் உண்டு. அதே சட்டகத்தில் தான்சானியா, கானா, ஜாம்பியா, வியட்நாம், ஈக்வடார் போன்ற நாடுகளுக்கான மாடல்களைச் சவுத்மாட் திட்டம் உருவாக்கியிருக்கிறது. வளரும் நாட்டைப் பற்றி வேலை செய்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

முடிவை எழுதிக் கொடுக்கும்போது

2050-ல் உழைப்பாளர்கள் 1,83,46,212 பேர் என்று எழுதாதீர்கள். ‘1.7 கோடி முதல் 2 கோடி வரை’ என்பதே உங்கள் மாடலால் சொல்ல முடிந்தது. விடை இருக்கும் அதே பக்கத்தில் பிறப்பு, குடிபெயர்வு, பங்கேற்பு, சம்பள உயர்வு ஆகிய நான்கு அனுமானங்களையும் போடுங்கள். பின்னிணைப்பை யாரும் திறப்பதில்லை. எந்த அனுமானத்தைக் கொஞ்சம் அசைத்தால் விடை அதிகமாக அசைகிறது என்பதைத் தனி அட்டவணையாகக் கொடுங்கள். மொத்தச் செலவோடு, ஓய்வூதியம் கிடைக்காமல் போகிறவர்களின் எண்ணிக்கையையும் பாலினம், படிப்பு, தொழில் வாரியாக முதல் பக்கத்திலேயே வையுங்கள். அந்த எண்ணை எடுக்கத்தான் தனி ஆட்களை வைத்து இத்தனை பாடுபட்டோம்.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நிரலின் பதிப்பு, அடிப்படைக் கோப்பின் தேதி, அனுமானக் கோப்பு, தொடக்க எண் நான்கையும் ஒரே கோப்புறையில் சேமியுங்கள். ஓராண்டு கழித்து யாராவது ‘இந்த எண் எப்படி வந்தது’ என்று கேட்டால், திரும்ப ஓட்டி அதே எண்ணைக் காட்ட முடிய வேண்டும்.